‘இலவசம்’ என்று எழுதினால் போதுமா?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், மணலியில் பணிபுரியும் நம் கல்லூரிப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



‘தொழிலில் நீங்கள் கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்’ என்று செயலாளர் போனில் கேட்டார். நான் பெரிய சாதனை எதுவும் செய்தவனில்லை. ஆனால் இதே கல்லூரி லேபில் உட்கார்ந்து செய்த ஒரு தப்பைப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திருத்தினேன். அதைச் சொன்னால் மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

நான் வேலை பார்ப்பது மணலியில், ஒரு தொழிற்சாலையில். அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எக்ஸ்பிரஸ் ரோட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை டேங்கர் லாரி வரிசைதான். ஒவ்வொரு டேங்கரின் பின்னாலும் பக்கவாட்டிலும் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். அதில் ஓர் எண். 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல். டிரைவரிடம் ‘டிரெம் கார்டு’ என்று ஒரு காகிதம் இருக்கும். என்ன சரக்கு, கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே இதைக் கட்டாயமாக்குகின்றன.

பலகையில் ஒரு எண், கார்டில் வேறு எண் என்று ஒரு வண்டி வந்தால் கேட்டில் என்ன செய்வார்கள்? ‘ரெண்டுல எது நமக்கு வசதியோ அதை வச்சுக்கலாம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டி ஓரமாக நிற்கும். சரக்கு அனுப்பியவரைக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் நகரும். இன்று நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கும் இதே கேட் வேண்டும்.

கதைக்கு வருகிறேன். 2010 ஜூன் மாதம், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்குரிய தர முறையாக அறிவித்தது. அதற்கு முன்னால் இருந்த நிலைமையை எங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அரசே 1999-ல் டாம், டாப் என்று இரண்டு தரங்களை வெளியிட்டது. அது தவிர டிஸ்கி, பாமினி என்று வேறு பல. ஒருவர் அடித்துக் கொடுத்த கோப்பை வேறொரு எழுத்துருவில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

அப்போது நாங்கள் இறுதியாண்டு. மூன்று பேர் சேர்ந்து, பழைய குறியீட்டில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்ன புரோகிராமைப் புராஜெக்டாகச் செய்தோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. ‘நாலு பேருக்குப் பயன்படட்டும்’ என்று இணையத்திலும் போட்டுவிட்டோம். டி.டி.பி. கடைக்காரர்கள், சிறு பத்திரிகைக்காரர்கள் என்று கொஞ்சம் பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

வருஷங்கள் ஓடின. 2023-ல் எங்கள் தொழிற்சாலையில் ஒரு பிரச்சினை வந்தது. பழைய பாதுகாப்புக் குறிப்புகள், நூற்றுக்கணக்கான பக்கங்கள், எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. வாயு கசிந்தால் காற்றின் திசை பார்த்து எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே கூட வேண்டும், தொட்டிக்குள் இறங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தன. புது கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. ஷட்டவுன் வேலை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளமாக உள்ளே வருவார்கள். அவர்களுக்குத் தமிழில் குறிப்பு வேண்டும்.

நான் பெருமையாக எழுந்து, ‘சார், இதுக்கு நாங்களே காலேஜ்ல ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருக்கோம். இலவசம்தான்’ என்றேன். கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி சிரித்துக்கொண்டே, ‘ரொம்ப சந்தோஷம். லைசென்ஸ் எங்கே?’ என்றார்.

பழைய சி.டி.யைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

‘ரீட்மீ’ கோப்பு நான் எழுதியது. அதில், இதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், இது பொதுச் சொத்து என்று போட்டிருந்தேன். புரோகிராமைத் திறந்து ‘எங்களைப் பற்றி’ என்ற இடத்தை அழுத்தினால், இது விற்பனைக்கல்ல, வணிக நிறுவனங்கள் பயன்படுத்தக்கூடாது என்று வந்தது. அது இரண்டாவது நண்பனின் கைவரிசை. மூன்றாவது நண்பன்தான் புரோகிராமின் மூளையை எழுதியவன். அவன் தன் கோப்புகளின் தலைப்பில், ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது என்ற வழக்கமான வாசகத்தை வைத்திருந்தான். போதாக்குறைக்கு, எழுத்து மாற்றும் அட்டவணை ஒன்றை வேறொரு இலவசத் தொகுப்பிலிருந்து எடுத்திருந்தோம். அதில், நகல் எடுக்கலாம், மாற்றக்கூடாது என்று எழுதியிருந்தது. நாங்கள் மாற்றியிருந்தோம். கூடவே ஒரு எழுத்துருவையும் சேர்த்திருந்தோம். டவுன்லோடு இலவசம் என்பதைத் தவிர அதில் எதுவுமே இல்லை. ஒரு தொகுப்புக்குள் ஐந்து பேச்சு!

இது எங்கள் முட்டாள்தனம் மட்டும்தானா என்று படித்துப் பார்த்தேன். இல்லை, பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘பைன்’ என்ற அஞ்சல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்க, மாற்ற, விநியோகிக்க அனுமதி உண்டு என்பது அதன் வாசகம். எல்லோரும் சரி என்று மாற்றி விநியோகித்தார்கள். பல்கலைக்கழகமோ, மாற்றலாம், விநியோகிக்கலாம், ஆனால் மாற்றியதை விநியோகிக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லையே என்றது! ஒரே வாக்கியம், இரண்டு அர்த்தம். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகம் ‘ஆல்பைன்’ என்ற புது வடிவத்தை, தெளிவான அப்பாச்சி லைசென்ஸில் வெளியிட்ட பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. தீர்த்தது யார் என்று கவனியுங்கள். வாசகர்கள் வாதாடித் தீரவில்லை, உரிமையாளர் பேசித்தான் தீர்ந்தது.

நம் தமிழ் எழுத்துருவிலேயே ஓர் உதாரணம் உண்டு. லோகித் தமிழ் எழுத்துருவை ரெட் ஹாட் நிறுவனம் 2004-ல் ஜி.பி.எல்.லில் வெளியிட்டது. ஜி.பி.எல். என்பது புரோகிராமுக்காக எழுதப்பட்டது. ஜி.பி.எல். எழுத்துருவை ஒரு ஆவணத்துக்குள் பதித்தால் அந்த ஆவணத்தையும் ஜி.பி.எல். பிடித்துக்கொள்ளுமா என்று ஒரு சந்தேகம் உண்டு. அதற்காகவே எழுத்துருவுக்கென்று ஒரு தனி விலக்கு வாசகத்தைச் சேர்க்கும் வழக்கம் வந்தது. 2011-ல் லோகித் எழுத்துருக்களை ‘ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்’ என்ற, எழுத்துருவுக்கென்றே எழுதப்பட்ட உரிமத்துக்கு மாற்றினார்கள். அதன்படி ஆவணத்தில் பதிக்கலாம், மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. கூகிளின் நோட்டோ எழுத்துருக்களும் 2015-ல் இதே உரிமத்துக்கு வந்தன.

‘அந்த ஒரு வரிதானே இடைஞ்சல், எடுத்துவிட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் நியோ ஃபோர் ஜே என்ற நிறுவனம் தன் மென்பொருளை ஏ.ஜி.பி.எல். உரிமத்தோடு, வணிகத்தைக் கட்டுப்படுத்தும் கூடுதல் நிபந்தனை ஒன்றையும் சேர்த்து வெளியிட்டது. இன்னொரு நிறுவனம், கூடுதல் நிபந்தனையை நீக்கிக்கொள்ள ஏ.ஜி.பி.எல்.லே இடம் தருகிறது என்று சொல்லி, அதை நீக்கிவிட்டு, இது இலவச திறந்த மூல மென்பொருள் என்று விளம்பரம் செய்தது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. நமக்குப் பிடிக்காத வரியை நாமே அடித்துவிட்டுப் போக முடியாது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் கம்ப்யூட்டர் புரோகிராமையும் சேர்த்தார்கள். கதை, கவிதை மாதிரி அதுவும் ஓர் இலக்கியப் படைப்பு! எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவர் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது இருக்கும். மற்றவருக்கு அனுமதி கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30-ஆவது பிரிவு. உரிமையையே துறப்பதற்கு 21-ஆவது பிரிவில் தனி வழி இருக்கிறது. பதிவாளருக்கோ பொது அறிவிப்பாகவோ முறைப்படி தெரிவிக்க வேண்டும். ஆகவே நான் ரீட்மீயில் ‘பொதுச் சொத்து’ என்று ஆசையாக எழுதியது, சட்டப்படி எந்தக் கணக்கில் வரும் என்றே சொல்ல முடியாது. அதுவும் மூன்று பேர் சொத்தை நான் ஒருத்தன் தானம் செய்திருக்கிறேன்!

சரி, எப்படித் தீர்த்தோம்?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, எந்தக் கோப்பில் என்ன வாசகம், யார் எழுதியது, எந்தத் தேதி என்று வரிசையாக எழுதினேன். இதைச் செய்தாலே பாதி முரண்பாடு கரைந்துவிடும். சில சமயம் புரோகிராமுக்கு ஒரு உரிமம், கையேட்டுக்கு வேறு உரிமம் என்று வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அது முரண்பாடு இல்லை. இரண்டில் எதையாவது தேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தால் அதுவும் முரண்பாடு இல்லை. ஒரே கோப்புக்கு இரண்டு பேச்சு இருந்தால்தான் தகராறு.

அடுத்து, எங்களுடையது அல்லாததைப் பிரித்தேன். அந்த அட்டவணைக்காரருக்கு இரண்டு முறை கடிதம் போட்டேன், பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தமில்லை. அட்டவணையைத் தூக்கிவிட்டு, 1999-ல் அரசு வெளியிட்ட டாம், டாப் தர அட்டவணைகளை வைத்துக்கொண்டு புதிதாகவே எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எழுத்துருவையும் எடுத்துவிட்டு, லோகித் தமிழை அதன் உரிமக் கோப்போடு சேர்த்தேன்.

அடுத்து இரண்டாவது நண்பன். இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். போன் செய்து ‘வணிகத்துக்குக் கூடாதுன்னு ஏன்டா போட்டே?’ என்று கேட்டேன். ‘டேய், ரிச்சி ஸ்ட்ரீட்ல எவனோ இலவச சாஃப்ட்வேரை எல்லாம் சி.டி. போட்டு வித்துக்கிட்டிருந்தான். அந்தக் கோபத்துல போட்டேன்டா. நீ எடுத்துடு’ என்றான். ‘வாயால சொன்னா போதாது, எழுதி அனுப்பு’ என்றேன். அன்று இரவே அனுப்பிவிட்டான்.

மூன்றாவது நண்பனைத்தான் கேட்க முடியவில்லை. 2019-ல் ஒரு சாலை விபத்தில் அவன் நம்மை விட்டுப் போய்விட்டான். இங்கே உட்கார்ந்திருக்கும் எங்கள் செட்டுக்கு அவனைத் தெரியும். பேர் சொல்லத் தேவையில்லை.

ஜி.பி.எல். என்று அவனே எழுதி வைத்திருக்கிறானே, அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைக்கலாம். அவன் கோப்புகளுக்கு அது சரி. ஆனால் மூவரும் சேர்ந்து எழுதிய கோப்புகளும் இருந்தன. அதில் அவன் பங்குக்கு யார் சம்மதம் சொல்வது? உரிமை வாரிசுக்குப் போகும். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பாவும் முன்பே தவறிவிட்டார். வாரிசு அம்மா ஒருவர்தான். வங்கிக் கணக்குக்காகத் தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழும் அவரிடம் இருந்தது.

திருவொற்றியூரில், தேரடிக்குப் பக்கத்தில் வீடு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். நாலு வருஷத்தில் அதற்கு முன் ஒரு தடவைதான் போயிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். காகிதத்தோடு போனதால் கூச்சமாக இருந்தது. அம்மா காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எப்படி விளக்குவது என்று தெரியாமல், ‘அம்மா, அவன் காலேஜ்ல எழுதின புரோகிராம் ஒண்ணு இருக்கு. எங்க கம்பெனியில ஆபத்து நேரத்துல ஆளுங்க என்ன செய்யணும்னு தமிழ்ல போட அது தேவைப்படுது. நீங்க சம்மதிச்சா எல்லாருமே எடுத்துப் பயன்படுத்தலாம். காசு வராது’ என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘காசை விடுப்பா. அவன் பேரு அதுல இருக்குமா? நாளைக்கு எவனாவது வந்து அழிச்சிட மாட்டானே?’ என்று கேட்டார்.

நான் அதுவரை லைசென்ஸைச் சட்டக் காகிதமாகத்தான் பார்த்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் முழுவதையும் வரி வரியாகப் படித்தேன். ஜி.பி.எல்., எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி என்று எதை எடுத்தாலும் ஒரு நிபந்தனை பொதுவாக இருக்கிறது. பதிப்புரிமை அறிவிப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும், நீக்கக்கூடாது. மாற்றினாலும் விற்றாலும் எழுதியவர் பெயர் உள்ள அந்த வரி கூடவே போக வேண்டும். மறுநாளே போனில் சொன்னேன். ‘இருக்கும்மா. அழிக்கக்கூடாதுன்னே சட்டத்துல எழுதியிருக்கு.’ அடுத்த சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எந்த உரிமம் என்பதில் எனக்கு அதன் பிறகு குழப்பமே இல்லை. நான் இஷ்டத்துக்கு எழுதினேன், இன்னொருவன் கோபத்தில் எழுதினான். யோசித்து, முறைப்படி எழுதியவன் அவன் ஒருவன்தான். ஆகவே முழுத் தொகுப்பையும் அவன் சொன்ன ஜி.பி.எல்.லிலேயே வைத்தோம். எழுத்துருவுக்கு மட்டும் அதன் சொந்த உரிமம். தொழிற்சாலைக்கும் அதில் தடையில்லை, ஏனென்றால் உள்ளுக்குள் பயன்படுத்த ஜி.பி.எல். எந்த நிபந்தனையும் போடுவதில்லை. வெளியே கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். எங்கள் அதிகாரி எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டு, ‘இப்போ வண்டி உள்ளே வரலாம்’ என்றார். ஷட்டவுனுக்கு முன்பே குறிப்புகள் சுவரில் ஏறிவிட்டன.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நாலே நாலு வார்த்தை.

ஒன்று, உங்கள் புராஜெக்டை வெளியே போடும் நாளிலேயே, கூட எழுதியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரே உரிமத்தை முடிவு செய்யுங்கள். எதுவும் எழுதாமல் விட்டால் எல்லோருக்கும் அனுமதி என்று ஆகாது. யாருக்கும் அனுமதி இல்லை என்றுதான் ஆகும்.

இரண்டு, சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். நன்கு அறிந்த ஒன்றை முழுசாக, ஒரு சொல்கூட மாற்றாமல் வையுங்கள். ஜி.பி.எல்.லையும் போட்டுவிட்டு, ‘ஆனால் விற்கக்கூடாது’ என்று ஒட்டுப் போடாதீர்கள். அந்த ஒட்டுதான் பின்னால் வழக்காகிறது.

மூன்று, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிமத்தின் சுருக்கப் பெயரை ஒரே வரியில் எழுதுங்கள். இதற்கு எஸ்.பி.டி.எக்ஸ். என்று ஒரு முறை இருக்கிறது. 2021-ல் அது சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. லினக்ஸ் கெர்னலிலேயே ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிமக் குறிப்பு இல்லாமல் கிடந்து, 2017-ல்தான் இந்த வரியைச் சேர்த்தார்கள். அவர்களுக்கே அந்தப் பாடு என்றால் நமக்கு எவ்வளவு ஆகும்!

நான்கு, அடுத்தவர் தொகுப்பில் முரண்பாடு கண்டால், வசதியானதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எழுதியவரைக் கேளுங்கள். பணிவாக, சுருக்கமாக, ‘இந்தக் கோப்பில் இப்படி, அந்தக் கோப்பில் அப்படி இருக்கிறது, எது சரி?’ என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது கவனக்குறைவுதான். நல்ல பதிலும் வரும். வந்த பதிலைத் தொகுப்போடு சேர்த்தே வைத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பகுதி இல்லாமல் வேலையை முடியுங்கள். டெபியன் குழுவினர் ஒவ்வொரு தொகுப்பிலும் பதிப்புரிமைக் கோப்பு ஒன்றை வைத்து இதைத்தான் செய்கிறார்கள். சென்னை சி-டாக்கில் உருவான ‘பாஸ்’ லினக்ஸ்கூட அந்த டெபியன் மேல் கட்டப்பட்டதுதான்.

கேட்கிற காலத்தில் கேட்டுவிடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுதியவர் இருக்கும்போது ஒரு போனில் முடிகிற காரியம் அது.

இந்தக் கல்லூரி லேபில் அவன் தட்டித் தட்டி எழுதிய வரிகள் இன்றைக்கும் மணலியில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவன் பெயர் அவற்றின் தலைப்பில் இருக்கிறது. போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன், காகிதம் எதுவும் இல்லாமல்.